தம்பியின் விடுதலைக்குத் துணைநின்ற அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி மடல்

அன்புக்கும் மதிப்புக்கும் உரிய பெரியோர்களே, உறவினர்களே, ஊர் மக்களே,

வணக்கம். கொலை வழக்கில் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டிருந்த என் தம்பியை, சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் இரு நீதிபதிகள் அடங்கிய அமர்வு அனைத்துக் குற்றச்சாட்டுகளிலிருந்தும் விடுவித்துத் தீர்ப்பளித்திருக்கிறது. அவன் வீடு வந்து சேர்ந்ததிலிருந்து ஒவ்வொருவராக நேரில் கண்டு நன்றி சொல்லி வருகிறேன். ஆனால், அவன் கைதான செய்தி நாலு ஊருக்கும் தெரிந்த அளவுக்கு, அவன் எப்படி விடுவிக்கப்பட்டான், அதற்காக உழைத்தவர்கள் யார் என்பது தெரியவில்லை. ஆகவேதான் இதைப் பொதுவில் எழுதுகிறேன். உதவியவர்களுள் பலர் தங்கள் பெயர் வெளிவருவதை விரும்பவில்லை. பெயர்களை விடுத்து, செய்ததை மட்டும் சொல்கிறேன். படிக்கும்போது அவரவருக்கு இது தம்மைப் பற்றியது என்று தெரியும்.

இந்த வழக்கில் கொலையை நேரில் கண்டவர் ஒருவரும் இல்லை. ஆட்டு வியாபாரம் செய்துவந்த ஒருவர் வெள்ளிக்கிழமை இரவு வீடு திரும்பவில்லை. ஞாயிறு காலை தோப்புக் கிணற்றில் அவருடைய உடல் கண்டெடுக்கப்பட்டது. அவரும் என் தம்பியும் நண்பர்கள். இருவருக்கும் இடையே கொடுக்கல் வாங்கலும் இருந்தது. பணத் தகராறு, இருவரையும் கடைசியாகச் சேர்ந்து பார்த்ததாகச் சாட்சியம், கிராம நிர்வாக அலுவலரிடம் தம்பி குற்றத்தை ஒப்புக்கொண்டதாக ஒரு வாக்குமூலம், அவன் காட்டிய இடத்தில் கைப்பற்றியதாகச் சொல்லப்பட்ட அரிவாளும் சட்டையும், கைப்பேசி கோபுரப் பதிவுகள் ஆகிய ஐந்து சூழ்நிலைகளை அடுக்கி, இந்திய தண்டனைச் சட்டத்தின் 302 (கொலை), 201 (தடயத்தை மறைத்தல்) ஆகிய பிரிவுகளின் கீழ் விசாரணை நீதிமன்றம் தண்டனை விதித்தது.

தீர்ப்பு வந்த அன்று எங்களுக்கு வழி எதுவும் தெரியவில்லை. முதல் வழியைக் காட்டியவர் சிறையில் மனு எழுதிக் கொடுக்கும் பணியில் இருந்த ஒருவர். தண்டனை பெற்றவருக்குத் தீர்ப்பின் நகல் கட்டணமின்றித் தரப்பட வேண்டும், அறுபது நாட்களுக்குள் உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்ய வேண்டும், சிறையிலிருந்தே கண்காணிப்பாளர் வழியாகவும் செய்யலாம், காவலில் இருப்பவருக்கு 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டப்படி வருமானத்தைக் கேளாமல் இலவசமாக வழக்கறிஞர் தரப்படுவார் என்று நேர்காணல் நேரத்தில் என் தம்பியிடம் அவர் சொல்லி அனுப்பியிருந்தார். நிலத்தை விற்கலாமா என்று சித்தப்பாவிடம் பேசிக்கொண்டிருந்த எங்களுக்கு அந்தச் செய்தி எவ்வளவு பெரியது என்பதைச் சொல்லி மாளாது. அந்த ஐயாவுக்கு எங்கள் முதல் நன்றி.

உயர் நீதிமன்றச் சட்டப்பணிகள் குழு வழியாக எங்களுக்குக் கிடைத்த வழக்கறிஞர் அம்மையாரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டும். இலவச வழக்குதானே என்ற எண்ணம் அவரிடம் ஒரு நாளும் வந்ததில்லை. வழக்குக் கட்டு முழுவதையும் படித்து முடிக்கும்வரை வழக்கு நிற்கும் என்றோ நிற்காது என்றோ ஒரு சொல்லும் சொல்ல மறுத்துவிட்டார். பள்ளிப் பிள்ளைகள் எழுதும் கோடு போட்ட நோட்டு ஒன்றை எடுத்து, ஒவ்வொரு சூழ்நிலைக்கும் இரண்டு பக்கம் ஒதுக்கினார். இடப்பக்கத்தில் அரசுத் தரப்பு சொல்வது. வலப்பக்கத்தில் அதை எந்தச் சாட்சி, முதல் விசாரணையில் என்ன சொன்னார், குறுக்கு விசாரணையில் என்ன சொன்னார், எந்தச் சான்றாவணம் அதைத் தாங்குகிறது என்பது. பென்சிலால் எழுதினார், ஒத்துப்போகாத இடங்களில் சிவப்பு மையால் வட்டமிட்டார். சில வாரங்களில் இடப்பக்கங்கள் நிறைந்திருந்தன. வலப்பக்கங்களில் வெற்றிடங்களும் வட்டங்களும் மிகுந்திருந்தன. மேல்முறையீட்டு வாதம் முழுவதும் அந்த நோட்டிலிருந்துதான் பிறந்தது.

சூழ்நிலைச் சாட்சியத்தை மட்டும் வைத்து ஒருவரைத் தண்டிப்பதற்கு உச்ச நீதிமன்றம் 1984இல் சரத் பிர்திசந்த் சர்தா வழக்கில் ஐந்து நிபந்தனைகளை வகுத்திருக்கிறது என்பதை அவர் எங்களுக்குப் புரியும்படி எடுத்துச் சொன்னார். ஒவ்வொரு சூழ்நிலையும் முழுமையாக நிரூபிக்கப்பட்டிருக்க வேண்டும். அவை குற்றத்தோடு மட்டுமே பொருந்த வேண்டும். முடிவான தன்மை கொண்டிருக்க வேண்டும். குற்றமற்றவர் என்பதற்கு இடம்தரும் வேறு எந்த விளக்கத்தையும் விலக்க வேண்டும். எல்லாம் சேர்ந்து அறுபடாத சங்கிலியாக அமைய வேண்டும். அந்த வழக்கில் விசாரணை நீதிமன்றம் விதித்து, பம்பாய் உயர் நீதிமன்றம் உறுதிசெய்த தூக்குத் தண்டனையை ரத்துசெய்து, உச்ச நீதிமன்றம் சர்தாவை விடுதலை செய்திருந்தது. ‘செய்திருக்கலாம்’ என்பதற்கும் ‘செய்தே இருக்க வேண்டும்’ என்பதற்கும் இடையிலுள்ள தூரம் நீண்டது என்று 1973லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருப்பதையும் அவர் எடுத்துக்காட்டினார். என் தம்பியின் வழக்கு அந்தத் தூரத்தின் நடுவில்தான் நின்றுகொண்டிருந்தது.

தேநீர்க் கடை அண்ணனுக்கு நான் எழுதும் நன்றி தனி வகை. அவர் எங்களுக்கு உறவும் அல்லர். எங்களுக்காகச் சாட்சி சொன்னவரும் அல்லர். கண்டதை மட்டும் சொன்னார். இரவு எட்டு மணிவாக்கில் இருவரும் தன் கடையில் தேநீர் குடித்தார்கள், பிறகு என் தம்பி வண்டியை எடுத்துக்கொண்டு வடக்கே போய்விட்டான், மற்றவர் கைப்பேசியில் பேசியபடி கடை வாசலிலேயே நின்றார் என்று கூண்டில் ஏறிச் சொன்னார். அதற்காகப் பிறழ் சாட்சி, அதாவது அழைத்த தரப்புக்கே மாறாகச் சொன்னவர், என்று அறிவிக்கப்பட்டார். ஊரிலும் ஏச்சுக்கு ஆளானார். இருவரும் ஒரே இருசக்கர வாகனத்தில் தோப்புப் பக்கம் போனதாகச் சொன்ன இன்னொரு சாட்சியின் வாக்குமூலம் நீண்ட காலம் கழித்தே நீதித்துறை நடுவரிடம் போய்ச் சேர்ந்திருந்தது. அந்தச் சாட்சி இறந்தவரின் தெருவிலேயே குடியிருப்பவர். சனிக்கிழமை இரவு கொடுக்கப்பட்ட ‘காணவில்லை’ புகாரிலோ என் தம்பியின் பெயரே இல்லை. இந்த மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த உயர் நீதிமன்றம் தேநீர்க் கடைக்காரரின் சொல்லையே நம்பத் தகுந்ததாக ஏற்றது. அண்ணே, நீங்கள் அன்று இழந்த வியாபாரத்தை எங்களால் திருப்பித் தர முடியாது. உங்கள் சொல் பொய்யில்லை என்று தீர்ப்பில் எழுதப்பட்டிருக்கிறது. அதன் நகலை உங்களிடம் கொடுத்திருக்கிறோம்.

இறந்த நேரத்தைப் பற்றிய பகுதியை எங்களுக்கு விளக்கியவர் மருத்துவக் கல்லூரி ஒன்றில் தடயவியல் மருத்துவம் கற்பித்து ஓய்வுபெற்ற பேராசிரியர். ஒரு ரூபாயும் வாங்காமல் பிரேதப் பரிசோதனை அறிக்கையை வரிவரியாகப் படித்துக் காட்டினார். பரிசோதனைக்கு 36 முதல் 48 மணி நேரத்துக்கு முன் மரணம் நிகழ்ந்திருக்கலாம் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். நீரில் கிடந்த உடலில் இந்தக் கணக்கு முன்பின் மாறும் என்று குறுக்கு விசாரணையில் அவரே ஒப்புக்கொண்டிருந்தார். அப்படியானால் தேநீர் குடித்ததற்கும் மரணத்துக்கும் இடையே பல மணி நேரம் இருந்திருக்க இடமுண்டு. அந்த இடைவெளியில் வேறு யாரும் வந்திருக்க முடியாது என்று சொல்ல எந்தச் சாட்சியமும் இல்லை. கடைசியாகச் சேர்ந்து பார்த்தது என்ற சூழ்நிலை, இடைவெளி மிகக் குறுகியதாக இருக்கும்போதுதான் வலுப்பெறும் என்பதை ஐயா அவர்கள் விளக்கிய பிறகே நாங்கள் முழுவதும் உணர்ந்தோம்.

வாக்குமூலத்தையும் கைப்பற்றுதலையும் பற்றிய உண்மை வெளிவரக் காரணம், விசாரணை நீதிமன்றத்தில் எங்களுக்காக வாதாடிய உள்ளூர் வழக்கறிஞர். அங்கே வழக்கு தோற்றதால் அவரைப் பலர் குறை சொன்னார்கள். அது சரியல்ல என்பதை இங்கே அழுத்தமாகப் பதிவு செய்கிறேன். அவர் கேட்ட குறுக்குக் கேள்விகள்தான் மேல்முறையீட்டில் எங்களைக் காப்பாற்றின. முன்பின் பழக்கமில்லாத கிராம நிர்வாக அலுவலரைத் தேடிப்போய் ஒருவன் தன் குற்றத்தைச் சொல்வானா என்ற கேள்விக்கு அங்கே பதில் வரவில்லை. நீதிமன்றத்துக்கு வெளியே கொடுக்கப்பட்டதாகச் சொல்லும் ஒப்புதல் வலுக்குறைந்த சான்று, அதை மிகுந்த கவனத்தோடு ஆராய வேண்டும் என்று 2012இல் சகாதேவன் எதிர் தமிழ்நாடு அரசு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அரிவாள் கைப்பற்றப்பட்டதாகச் சொன்ன புதர், முதல் நாளே பார்வை மகஜர் (போலீசார் இடத்தைப் பார்த்து எழுதும் குறிப்பு) போடப்பட்ட இடத்துக்குள் வருவதையும், மகஜரில் தேதி திருத்தப்பட்டிருப்பதையும், தலையாரி கையெழுத்திட்டது காவல் நிலையத்தில் என்பதையும் அதே வழக்கறிஞர் சாட்சிகளின் வாயிலிருந்தே வரவழைத்திருந்தார். அப்போதிருந்த சாட்சியச் சட்டத்தின் 27ஆம் பிரிவு, காவலில் உள்ளவர் சொன்னதால் புதிதாகத் தெரியவந்த உண்மையோடு நேரடியாகத் தொடர்புள்ள பகுதியை மட்டுமே அனுமதித்தது. ஆங்கிலேயர் காலத்தில் இறுதி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த பிரிவி கவுன்சில் 1946இல் தீர்த்துச் சொன்ன செய்தி அது. ஏற்கெனவே போலீசார் நின்று பார்த்த இடத்தில் புதிதாகத் தெரியவர என்ன இருக்கிறது? சட்டையிலிருந்தது மனித இரத்தம் என்றது ஆய்வறிக்கை. அது யாருடைய வகை என்று சொல்லவில்லை.

கோபுரப் பதிவுகளைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. இருவர் வீடும் ஒரே கோபுரத்தின் எல்லைக்குள் இருந்தன. மின்னணுப் பதிவுக்கு அதே சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவின் கீழ் தர வேண்டிய சான்றிதழும் இல்லை. அது கட்டாயம் என்று உச்ச நீதிமன்றம் 2014இல் சொல்லி 2020இல் உறுதி செய்திருக்கிறது. அந்தப் பதிவுகளையும் இரத்த ஆய்வையும் பற்றி, குற்றம் சாட்டப்பட்டவரிடம் விளக்கம் கேட்கும் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 313ஆம் பிரிவின் கீழ் என் தம்பியிடம் ஒரு கேள்விகூடக் கேட்கப்படவில்லை என்பதைக் கண்டுபிடித்தவர் வழக்கறிஞர் அம்மையாரின் இளநிலை வழக்கறிஞர். கேட்கப்படாத சூழ்நிலையை அவனுக்கு எதிராகப் பயன்படுத்த முடியாது. இரவெல்லாம் விழித்து அந்தக் கேள்விப் பட்டியலை ஒப்பிட்ட அந்தத் தங்கைக்கு என் வாழ்த்து.

மேல்முறையீடு முடியும்வரை தண்டனையை நிறுத்திவைக்கக் கோரிய மனுவை அரசு வழக்கறிஞர் எதிர்த்தார். ஆயுள் தண்டனை வழக்கில் அவருக்கு அந்த வாய்ப்புத் தரப்பட வேண்டும் என்பது சட்டம். மனு அனுமதிக்கப்பட்டதும் சொந்த வீட்டுப் பத்திரத்தோடு வந்து நின்ற இரண்டு ஜாமீன்தாரர்களில் ஒருவர் எங்கள் சாதியும் அல்லர், ஊரும் அல்லர். நகல் பிரிவுக்கும் தட்டச்சு நிலையத்துக்கும் அலைந்த குமாஸ்தா ஐயா, தமிழில் இருந்த சாட்சி வாக்குமூலங்களைத் தட்டச்சுப் பிரதியோடு ஒப்பிட்டுப் பிழை பார்த்த ஓய்வுபெற்ற தமிழாசிரியர், செலவுக்குக் கடன் கொடுத்துவிட்டுத் தவணை கேட்காத மகளிர் சுயஉதவிக் குழுவினர், அம்மாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போன பக்கத்து வீட்டு அக்கா ஆகியோருக்கும் கடமைப்பட்டிருக்கிறோம். தம்பி மகளை வகுப்பில் யாரும் ஒரு சொல் சொல்லாதபடி பார்த்துக்கொண்ட தலைமையாசிரியை அம்மாவுக்கு, தம்பி மனைவி தனியே எழுதிய கடிதம் கிடைத்திருக்கும்.

நீதிபதிகளுக்கு நன்றி சொல்வது முறையல்ல என்று வழக்கறிஞர் அம்மையார் சொன்னார். தீர்ப்பு என்பது உதவி அல்ல. அதை மதிக்கிறேன். முதல் மேல்முறையீட்டில் சாட்சியம் முழுவதையும் புதிதாக எடைபோடும் கடமை உயர் நீதிமன்றத்துக்கு உண்டு. அந்தக் கடமை ஒரு வரிகூட விடாமல் செய்யப்பட்டதைத் தீர்ப்பைப் படித்தவர்கள் அறிவார்கள்.

இறந்தவரின் குடும்பத்தாருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். என் தம்பி விடுதலையானதால் உங்கள் வீட்டுத் துயரம் ஒரு துளியும் குறையவில்லை என்பது எங்களுக்குத் தெரியும். அவர் எங்கள் வீட்டில் கைநனைத்தவர். அவரைக் கொன்றவர் யார் என்ற கேள்வி இன்னும் அப்படியே நிற்கிறது. மேல்விசாரணை கேட்டு நீங்கள் மனுச் செய்தால், எங்களிடமுள்ள ஆவணங்கள் எதுவாயினும் தரத் தயாராக இருக்கிறோம். எங்கள் ஆட்கள் யாரும் உங்கள் வீட்டு வழியே வெடி வெடித்துக் கொண்டாடக் கூடாது என்று தம்பியே கேட்டுக்கொண்டான். கேட்டபடி நடந்துகொண்ட இளைஞர்களுக்கும் நன்றி.

அரசு உச்ச நீதிமன்றத்துக்குப் போனால் அங்கும் வந்து நிற்பதாக உறுதி சொல்லி, சட்டப்படி ஆறு மாத காலத்துக்கான பிணைப் பத்திரத்தை என் தம்பி எழுதிக் கொடுத்திருக்கிறான். இதே நிலையில் இருக்கும் வேறு குடும்பத்தார் எங்கள் தட்டச்சுத் தொகுப்பையும் தீர்ப்பையும் பார்க்க விரும்பினால், வீட்டுக்கு வரலாம். 2024 ஜூலை 1 முதல் புதிய சட்டங்கள் நடப்புக்கு வந்துவிட்டதால் பிரிவு எண்கள் மாறியிருக்கும். மேல்முறையீடு 415, தண்டனை நிறுத்திவைப்பு 430 என்று, குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் இருக்கின்றன. எந்த நோட்டில் எதைக் குறிக்க வேண்டும் என்பதை நானே உட்கார்ந்து காட்டித் தருகிறேன்.

இப்படிக்கு,
விடுவிக்கப்பட்டவரின் அக்கா,
அம்மா, தம்பி, தம்பி மனைவி, சித்தப்பா மற்றும் குடும்பத்தார் அனைவரின் சார்பிலும்.