கூட்டத்துக்குத் தோள் கொடுத்த எல்லோருக்கும்

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

தஞ்சம் கேட்டு பிரித்தானியாவுக்கு வருபவர்களின் போனையும் நடமாட்டத்தையும் அரசு எப்படிக் கண்காணிக்கிறது என்று தமிழில் விளக்க நாங்கள் வைத்த கூட்டம் நல்லபடியாக முடிந்தது. கதிரை போதாமல் சுவரோரம் நின்று கடைசிவரை கேட்டவர்களுக்கு முதல் நன்றி.

வழக்கறிஞர் அக்காவுக்கு: சட்டப் பிரிவு எண்களை அடுக்கிப் பயமுறுத்தாமல், இங்கிலாந்தின் துறைமுக நகரான டோவரில் நடந்ததை நடந்தபடி சொன்னீர்கள். 2020இல் சிறு படகுகளில் வந்து இறங்கியவர்களைக் கண்ணை மூடிக்கொண்டு சோதனை போட்டு, போனைப் பறித்து, அதைத் திறக்கும் இரகசிய (PIN) நம்பரையும் கேட்டு வாங்கியிருக்கிறார்கள். போன்கள் மாதக்கணக்கில் திரும்பி வரவில்லை. உள்ளிருந்த தகவலையும் பிரதி எடுத்தார்கள். இப்படியொரு கொள்கையே இல்லை என்று முதலில் மறுத்த உள்துறை அமைச்சு, பிறகுதான் ஒப்புக்கொண்டது. மூன்று பேர் தொடுத்த வழக்கில் 2022 மார்ச்சில் உயர் நீதிமன்றம் அது சட்டவிரோதம் என்று தீர்ப்பளித்தது. தனியுரிமைக்காகப் போராடும் பிரைவசி இன்டர்நேஷனல் அமைப்பும் அந்த வழக்கில் வந்து வாதிட்டது. போன் போனால் அம்மாவின் நம்பரும் போகும், கேஸுக்கு ஆதாரமான படங்களும் போகும். அந்த நிலையிலும் நீதிமன்றப் படியேறிய அந்த மூவரை எங்களுக்குத் தெரியாது, ஆனாலும் இந்த நன்றியில் பெரிய பங்கு அவர்களுக்குத்தான்.

ஆள் இருக்கும் இடத்தைக் காட்டிக்கொடுக்கும் ஜிபிஎஸ் பட்டையை அரசு தன் காலில் கட்டியிருந்த அனுபவத்தைச் சொன்ன தம்பிக்கு: பெயர் சொல்லக் கூடாது என்றீர்கள், சொல்லவில்லை. சார்ஜ் ஏறும்வரை சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்ததையும், கோடையிலும் நீளக் காற்சட்டையே போட்டதையும் நீங்கள் சொன்னபோது மண்டபத்தில் ஒருவரும் அசையவில்லை. பழைய பட்டைகள் ஆள் வீட்டில் இருக்கிறாரா என்று மட்டும் பார்க்கும். ஜிபிஎஸ் பட்டை நாள் முழுக்க எங்கே போனோம் என்று எழுதிக்கொண்டே இருக்கும்.

“அப்ப கோயிலுக்குப் போனாலும் தெரியுமோ?” என்று கேட்ட ஆச்சிக்குத் தனி நன்றி. தெரியும் ஆச்சி. மதம், உடல்நிலை போன்றவற்றைக்கூட அந்தத் தடத்திலிருந்து ஊகிக்கலாம் என்று, தரவுப் பாதுகாப்பைக் கவனிக்கும் பிரித்தானியத் தகவல் ஆணையரே சொன்னார். 2022 ஜூனில் தொடங்கி 600 பேர் வரை உள்துறை அமைச்சு பட்டை கட்டிப் பார்த்த ஒரு சோதனைத் திட்டம் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை மீறியது என்று 2024 மார்ச்சில் அவரது அலுவலகம் அறிவித்தது. திட்டம் முடிந்திருந்தாலும் சேர்த்த தரவு அமைச்சிடம் இருந்ததால், அதை யார், எப்படிப் பார்க்கலாம் என்ற விதிகளைத் திருத்தவும் உத்தரவிட்டது. இவ்வளவு பெரிய விஷயம் நம் ஆட்கள் பலருக்கு இப்போதுதான் தெரிகிறது என்பதில் எனக்குக் கொஞ்சம் கோபம்தான். சரி, அதை விடுவோம்.

மொழிபெயர்த்த பிள்ளைகளுக்கும், வாடகை வாங்காமல் மண்டபம் தந்தவருக்கும், வடையும் தேநீரும் கொண்டுவந்த அக்காமாருக்கும் மிக்க நன்றி.

அப்புறம் ஒன்று. உங்களைப் பற்றி அமைச்சு வைத்திருக்கும் தரவைக் கேட்டு வாங்க உங்களுக்கு உரிமை உண்டு. கட்டணம் இல்லை, பொதுவாக ஒரு மாதத்துக்குள் பதில் தர வேண்டும். கடிதம் எழுத உதவி வேண்டுமென்றால் சனிக்கிழமை காலையில் வாருங்கள், கையில் இருக்கும் கடிதங்களையும் எடுத்து வாருங்கள்.

அன்புடன்,
கூட்ட ஏற்பாட்டுக் குழு சார்பில்