முதல் பருவம் முடிகிறது: பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு வணக்கம்.

ஜூன் மழையில் குடையும் நனைந்த ஷூவுமாக வந்த பிள்ளைகள், இதோ தீபாவளி விடுமுறைக்குத் தயாராகிவிட்டார்கள். முதல் பருவம் நல்லபடியாக முடிந்தது. சுதந்திர தின விழா, ஆசிரியர் தினம், விளையாட்டுப் போட்டிகள் எல்லாமே சிறப்பாக நடந்தன. பரிசு வாங்கியவர்களுக்கும் கலந்துகொண்டவர்களுக்கும் வாழ்த்துகள். நூலக மூலைக்குப் புத்தகம் கொடுத்தவர்களுக்கு நன்றி. பள்ளி மீண்டும் திறக்கும் நாளை டைரியில் எழுதி அனுப்பியிருக்கிறோம்.

இந்த முறை கொஞ்சம் நீளமாகப் பேச வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் எழுதிய கடிதங்களைப் பற்றியது. மற்ற வகுப்புப் பெற்றோரும் தயவுசெய்து படியுங்கள்.

ஆகஸ்ட் மாதம் இரண்டாம் வகுப்பில் 'எங்கள் தெரு' என்ற பாடத்தைத் தொடங்கினோம். பிள்ளைகள் ஆசிரியரோடு கைகோத்து வரிசையாகப் பள்ளியைச் சுற்றி நடந்தார்கள். குழாயடி, குப்பைத்தொட்டி, தெருவிளக்கு, கடைப் பலகைகள் என்று எல்லாவற்றையும் பார்த்தார்கள். தாராவியில் வளரும் பிள்ளைக்கு ஒரே தெருவில் தமிழ், மராத்தி, இந்தி, ஆங்கிலம் எல்லாம் கண்ணில் படும். மும்பை நகரப் பேருந்தான பெஸ்ட் பஸ்ஸின் நெற்றியில் தேவநாகரியில் இருக்கும் எண்ணைப் படித்துக் காட்ட அவர்களுக்குள் போட்டியே நடந்தது.

வகுப்புக்குத் திரும்பியதும், எதைச் சரிசெய்யச் சொல்லிக் கேட்கலாம் என்று பேசி, ஆளுக்கொரு சீட்டு எழுதிப் பெட்டியில் போட்டார்கள். ஒழுகும் குழாய்க்கு 19 வாக்கு, குப்பைத்தொட்டிக்கு 11, தெருவிளக்குக்கு 4. குப்பைத்தொட்டிக்காக மூச்சுமுட்டப் பேசிய ஒரு சிறுமி, எண்ணி முடித்ததும் கொஞ்ச நேரம் முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள். அப்புறம், "சரி மிஸ், முதல்ல குழாய், அடுத்து குப்பை" என்றாள். பெரிய வகுப்பில் குடிமையியல் என்று பக்கம் பக்கமாக நடத்துவதை அவள் ஒரே வரியில் சொல்லிவிட்டாள் என்று எனக்குத் தோன்றியது.

இதன் தொடர்ச்சியாக, குழாயைப் பற்றி வார்டு அலுவலகத்துக்கு வீட்டிலிருந்து ஒரு கடிதம் எழுதி வரச் சொன்னோம். ஐந்து வரி போதும் என்றுதான் சொல்லியிருந்தோம்.

34 கடிதங்கள் வந்தன. ஒன்று விடாமல் படித்தேன். 22 கடிதங்கள் பெரியவர்கள் எழுதியவை. அவற்றில் ஒன்பது எழுத்துக்கு எழுத்து ஒன்றாகவே இருந்தன. வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் போட்டதை மற்றவர்கள் பார்த்து எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். "மேற்படி குழாய் நீண்ட நாட்களாகப் பழுதடைந்துள்ளதால் ஆவன செய்யுமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்" என்று இருந்தது. கடிதத்தைக் கொண்டுவந்த பிள்ளைக்கு ஏழு வயது. "ஆவன செய்றதுன்னா என்ன கண்ணு?" என்று கேட்டேன். "அப்பாவுக்குத் தெரியும் மிஸ்" என்று சொல்லித் தலையைக் குனிந்துகொண்டான். அவனைக் கேட்டிருக்கவே கூடாது என்று அப்புறம் வருந்தினேன்.

மீதி 12 கடிதங்களில் ஒன்றை அப்படியே தருகிறேன்: "சார் கொழாய்ல தன்னி ஒழுகுது. ராத்திரி டப் டப்னு சத்தம். எங்க ஆச்சி நாலு மணிக்கு எந்திச்சு தன்னி புடிக்கும். கீழ போற தன்னி பாவம்."

பிழைகள் இருக்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் என்ன கெட்டுப்போயிருக்கிறது, அதனால் யாருக்குக் கஷ்டம், ஏன் சரிசெய்ய வேண்டும் என்பதெல்லாம் நான்கு வரியில் வந்துவிட்டது. 'தண்ணி' என்பது 'தன்னி' ஆனதைப் பார்த்துப் பயப்படாதீர்கள். காதில் விழுந்த ஒலியைத் தானே எழுத்தாக்கப் பார்க்கும் பிள்ளைதான் இப்படி எழுதும். பக்கத்தில் வைத்துப் பார்த்து எழுதும் பிள்ளையிடம் இந்தப் பிழை வராது. 'கொ' எழுத முன்னால் கொம்பும் பின்னால் காலும் வர வேண்டும் என்பது அந்தப் பிள்ளைக்குத் தெரிந்திருக்கிறது பாருங்கள். ன, ண வேறுபாட்டை அடுத்து சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று ஆசிரியர் குறித்துக்கொண்டார். 22 பிள்ளைகளைப் பற்றி அவரால் எதையும் குறித்துக்கொள்ள முடியவில்லை.

2021 ஜூலையில் மத்திய அரசு தொடங்கிய நிபுண் பாரத் திட்டத்தின்படி, மூன்றாம் வகுப்பு முடிவதற்குள் ஒவ்வொரு பிள்ளையும் பொருள் புரிந்து படிக்கவும், எழுதவும், அடிப்படைக் கணக்குப் போடவும் தெரிந்திருக்க வேண்டும். 2026-27 கல்வியாண்டுக்குள் இதை எட்ட வேண்டும் என்பது இலக்கு. நோட்டில் பெரியவர் எழுத்து வந்துகொண்டே இருந்தால், பிள்ளை எங்கே திணறுகிறது என்பது நான்காம் வகுப்பில்தான் எங்களுக்குத் தெரியவரும். அதற்குள் மூன்று வருடம் போய்விடும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1951-52இல் நம் நாட்டின் முதல் பொதுத்தேர்தல் நடந்தபோது, ஏறக்குறைய 28 லட்சம் பெண்களின் பெயர்கள் வாக்காளர் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. பெரும்பாலும் வட மாநிலங்களில் நடந்தது இது. இன்னாருடைய மனைவி, இன்னாருடைய அம்மா என்று மட்டுமே சொல்லியிருந்தார்கள். சொந்தப் பெயரைக் கொடுக்கவில்லை. சொந்தப் பெயர் இல்லாத பதிவை ஏற்க முடியாது என்று அன்றைய தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் உறுதியாக இருந்தார். முதல் வகுப்பில் தன் பெயரைத் தானே எழுதப் பழக்குவதில் நாங்கள் இவ்வளவு பிடிவாதமாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். தன் பெயரைப் போட்டு, தன் வார்த்தையில், தனக்கு வேண்டியதைக் கேட்கத்தான் அந்தக் கடிதம்.

ஒரு விஷயத்தைக் கண்டிப்பாகவே சொல்கிறேன். ஒரு பையனின் பைக்குள், அவனே எழுதிய கடிதம் கசங்கிக் கிடந்தது. வீட்டில் "அசிங்கமா இருக்கு" என்று கிழிக்கப் போனார்களாம், பிடுங்கி ஒளித்துவைத்திருக்கிறான். இப்படி இன்னொரு முறை நடக்கக் கூடாது. பிள்ளை எழுதியதைக் கிழிக்காதீர்கள், அழிக்காதீர்கள், அதன் முன்னால் கேலி செய்யாதீர்கள். விடுமுறைக்குப் பிறகு பெரியவர்கள் எழுதிய வீட்டுப்பாடத்தை எந்த வகுப்பிலும் ஆசிரியர்கள் திருத்த மாட்டார்கள். பிள்ளையைத் திட்டாமல், வகுப்பிலேயே உட்காரவைத்து எழுதச் சொல்வார்கள். வாட்ஸ்அப் குழுக்களில் வீட்டுப்பாட விடைகளைப் பகிர வேண்டாம்.

நீங்கள் ஏன் எழுதிக்கொடுக்கிறீர்கள் என்பது எனக்குப் புரியாமல் இல்லை. விடியற்காலையில் இட்லி வேகவைத்து விற்கப் போகிறவர்களும், பட்டறையில் ராத்திரி எட்டு வரை நிற்கிறவர்களும் நம் பள்ளிப் பெற்றோரில் இருக்கிறார்கள். பிள்ளை கண்ணைக் கசக்கும்போது, சீக்கிரம் முடித்துவிட்டுத் தூங்கட்டும் என்றுதான் தோன்றும். என் பிள்ளை நோட்டு மட்டும் மோசமாகத் தெரியக் கூடாதே என்ற கவலையும் இருக்கும். அந்த மாதிரி இரவுகளில் இரண்டு வரியோடு நிறுத்திவிடுங்கள். "இன்று இவ்வளவுதான் முடிந்தது" என்று ஓரத்தில் எழுதினால் போதும், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

மும்பையிலேயே பிறந்து மராத்தியிலோ இந்தியிலோ படித்த பெற்றோர் சிலர், "எங்களுக்கே தமிழ் எழுத வராதே, எப்படி உதவுவது?" என்று கேட்டீர்கள். உங்களுக்கு வேலை இன்னும் சுலபம். பிள்ளை எழுதியதைப் படித்துக்காட்டச் சொல்லி, "அப்புறம்?" என்று மட்டும் கேளுங்கள். விடுமுறையில் கடைக்குப் போகும்போது சாமான் பட்டியலைப் பிள்ளை எழுதட்டும். 'பருப்பு' எப்படி வந்தாலும் பரவாயில்லை. ஊருக்குப் போகிறவர்கள் ஆச்சி தாத்தாவிடம் ஒரு கதை கேட்டு, அதை மூன்று வரியில் எழுதிக்கொண்டு வரச் சொல்லுங்கள்.

நவம்பரில் இரண்டாம் வகுப்பில் மறுபடியும் கடிதம் எழுதுவார்கள், இந்த முறை பள்ளியிலேயே. 34 கடிதங்களையும் ஒரே உறையில் போட்டு, ஆசிரியரும் நான்கு பிள்ளைகளும் வார்டு அலுவலகத்தில் நேரில் கொடுக்கப் போகிறோம். கூட வர முடிந்த பெற்றோர் வகுப்பாசிரியரிடம் பெயர் கொடுங்கள்.

மழைக்காலம் முழுவதும் முழங்கால் தண்ணீரில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து விட்டுப் போனவர்கள் நீங்கள். உங்களிடம் உரிமையோடு பேசலாம் என்ற நம்பிக்கையில்தான் இவ்வளவும் எழுதினேன். உங்கள் பொறுமைக்கும் ஒத்துழைப்புக்கும் மனமார்ந்த நன்றி. எல்லோருக்கும் தீபாவளி வாழ்த்துகள்.

அன்புடன்,
தலைமையாசிரியை