பாண்டாவை அப்புறம் காட்டலாம், மல்லிகா

ஷியாமென், சீனா,
ஜூன் 9

அன்புள்ள மல்லிகா,

உன் கடிதத்தை மூன்று முறை படித்துவிட்டேன். அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, கண்ணாடி இல்லாமல் பேப்பர் தலைப்பு வாசிக்கிறார் என்ற வரியைப் பார்த்த பிறகுதான் மனசு ஆறியது. முத்துவுக்குப் பாலிடெக்னிக்கில் இடம் கிடைத்ததும் பெரிய சந்தோஷம். ஹாஸ்டலுக்குப் போகிறானே என்று கலங்காதே. விருதுநகர் என்ன, ஒரு பஸ் தூரம்தானே.

இங்கே மழை பிடித்துக்கொண்டது. மழை விட்ட நேரமெல்லாம் தெரு முழுக்க மே மாசப் பூ உதிர்ந்து கிடக்கிறது. நம் ஆசிரியர் பயிற்சிப் பள்ளி வாசலில் குடை விரித்த மாதிரி ஒன்று நிற்குமே, அதே மரம்தான். ஷியாமென் தன் நகர மரமாகவே அதை வைத்திருக்கிறது. நகரப் பூ எது தெரியுமா, காகிதப் பூ! இங்கே வந்து நாலு வருஷமாகிறது. இன்னும் காலையில் அந்த மரத்தடியில் பஸ்ஸுக்கு நிற்கும்போது உன் ஞாபகம் வரும்.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். நாலாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சீனாவைப் பற்றிச் சொல்ல வேண்டும், பெருஞ்சுவர், பாண்டா, டிராகன் மூன்று படமும் தயார், எங்கிருந்து ஆரம்பிக்கலாம் என்று கேட்டிருக்கிறாய். அந்தப் படங்கள் இருக்கட்டும். முதல் நாள் மட்டும் மாட்டாதே.

ஏன் என்று சொல்கிறேன். இங்கே என் வகுப்பில் எட்டு வயதுப் பிள்ளைகள். கொரியா, பிரேசில், ஜெர்மனி என்று பல நாட்டுக்காரர்கள். அம்மாவோ அப்பாவோ சீனராக உள்ள பிள்ளைகளும் நாலைந்து பேர் உண்டு. நான் வந்த முதல் வருஷம் 'சீன வாரம்' என்று ஒன்று நடத்தினேன். சிவப்புக் காகித விளக்கு தொங்கவிட்டேன், பாண்டா முகமூடி செய்யவைத்தேன், குச்சியால் அவரைக்கொட்டை எடுக்கும் போட்டி வைத்தேன். ஒரே கொண்டாட்டம். வெள்ளிக்கிழமை ஒரு சின்னப் பெண் முகமூடியைத் திருப்பிக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தாள். அவள் அம்மா இந்த ஊர்க்காரர். "இது எதுக்குன்னு பாட்டி கேக்கறாங்க" என்றாள். எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. பாண்டா வாழ்வது ஸிச்சுவான் பக்கத்து மலைகளில், இங்கிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல். அந்தப் பாட்டி அதை டிவியில்தான் பார்த்திருக்கிறார். ஒரு வாரம் முழுக்க அவள் நாட்டைப் பற்றிப் பேசியும், அவள் வீட்டில் நடக்கிற ஒன்றைக்கூட நான் சொல்லவில்லை. மற்ற பிள்ளைகள் மனசில் சீனா என்றால் வேடிக்கை என்று பதிய வைத்துவிட்டேன். அது தப்பு, மல்லிகா. எட்டு வயதில் பதிந்தது லேசில் போகாது.

அதனால் இப்போது ஒரு பிள்ளையின் ஒரு நாளிலிருந்துதான் தொடங்குகிறேன். உன் பிள்ளைகள் வயதில் இந்த ஊரில் ஒரு பெண் இருக்கிறாள் என்று வைத்துக்கொள். காலையில் அவளைப் பள்ளிக்கூடத்தில் விடுவது பெரும்பாலும் தாத்தாதான். பேட்டரி ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து வருவாள், புத்தகப் பை தாத்தா தோளில் தொங்கும். வழியில் வாங்கிய ஆவியில் வெந்த பன் ஒன்று கையில், இல்லாவிட்டால் கடையில் நின்று ஒரு கிண்ணம் கடலை சூப். நிலக்கடலையைத் தோல் நீக்கி, சீனி போட்டு, கடலை கரைகிற வரைக்கும் வேகவைப்பார்கள். இந்த ஊருக்கே பேர்போன பலகாரம் அது. கோவில்பட்டி கடலை மிட்டாய் தின்று வளரும் உன் பிள்ளைகளிடம் இதைச் சொல், நாக்கில் எச்சில் ஊறும். கழுத்தில் மாட்டிய பிளாஸ்கில் வெந்நீர். பச்சைத் தண்ணீர் குடித்தால் வயிற்றுக்கு ஆகாது என்று எந்தப் பாட்டியும் விடமாட்டார், வெயில் காலத்திலும் அப்படித்தான்.

வகுப்பு நடுவில் ஒலிபெருக்கியில் பாட்டு வரும். எல்லாரும் கண்ணை மூடி, விரலால் புருவ ஓரம், மூக்குத் தண்டு, கன்னம் என்று எட்டெட்டு எண்ணி அமுக்கிவிடுவார்கள். பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை அதிகம் என்பதால் 1960-களிலிருந்து நடக்கிற கண் பயிற்சி இது. கரும்பலகை துடைப்பதும் வகுப்பறை பெருக்குவதும் முறைவைத்துப் பிள்ளைகளே. மதியம் சாப்பிட்டதும் பல பள்ளிகளில் மேசை மேல் கைவைத்துத் தலைசாய்த்துத் தூங்குவார்கள். 2021-இல் வந்த உத்தரவுக்குப் பிறகு ஒன்றாம், இரண்டாம் வகுப்புக்கு எழுத்து வீட்டுப்பாடம் கிடையாது. இதைக் கேட்டதும் உன் பிள்ளைகள் சீனாவுக்கே போய்விடலாம் என்பார்கள். அப்படிச் சொன்னால் எழுத்துக் கணக்கைச் சொல். ஆறு வருஷத்தில் மூவாயிரம் எழுத்து அடையாளம் தெரிய வேண்டும், அதில் இரண்டாயிரத்து ஐந்நூறை எழுதவும் வேண்டும். நம் பிள்ளைகள் 247-க்கே மூக்கால் அழுகிறார்கள்!

ஒன்று முதல் பத்து வரை எண்ணக் கற்றுக்கொடு. யீ, அர், சான், ஸ்ஸு, வூ, லியூ, ச்சீ, பா, ஜியூ, ஷீ. பத்து தெரிந்தால் தொண்ணூற்றொன்பது வரை போய்விடலாம், ஏனென்றால் பதினொன்று என்பது 'பத்து ஒன்று', இருபது என்பது 'இரண்டு பத்து'. தமிழ்ப் பிள்ளைக்கு இதில் விளக்கவே ஒன்றுமில்லை. நாம் வாய்ப்பாடு ராகம் போட்டுச் சொல்வது போல அவர்களும் சொல்கிறார்கள். ஒரு கையாலேயே பத்து வரை காட்டவும் முடியும். கட்டை விரலும் சுண்டு விரலும் நீட்டினால் ஆறு, கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் நீட்டினால் எட்டு. சந்தையில் விலை சொல்ல இதுதான் பாஷை.

அப்புறம் உறவுமுறை. இதில்தான் உன் வகுப்பு என் வகுப்பைவிட முன்னால் நிற்கும். என் பிள்ளைகளில் பலருக்கு அப்பாவின் அண்ணன், தம்பி, அம்மாவின் அண்ணன், தம்பி எல்லாருமே 'அங்கிள்'தான். பலகையில் குடும்ப மரம் வரைந்து விளக்க எனக்கு இரண்டு வகுப்பு போனது, கொரியப் பையன் மட்டும் உடனே பிடித்துக்கொண்டான். உனக்கு ஐந்து நிமிஷம் போதும். பெரியப்பா 'போபோ', சித்தப்பா 'ஷூஷூ', தாய்மாமன் 'ஜியூஜியூ', அத்தை 'கூகூ'. அண்ணனுக்கு ஒரு சொல், தம்பிக்கு ஒரு சொல், அக்காவுக்கும் தங்கைக்கும் அதே போல. அம்மாவை மட்டும் 'மாமா' என்பார்கள்! வகுப்பே சிரிக்கும், சிரிக்கட்டும். அப்பாவின் அம்மா 'நைநை', அம்மாவின் அம்மா 'வைபோ'. 'வை' என்றால் 'வெளி'. அம்மாவைப் பெற்றவள் எப்படி வெளிப் பாட்டி ஆவாள் என்று எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கும். அப்பத்தா, அம்மாச்சி என்று நாம் சொல்கிற அழகு அதில் இல்லை.

இவ்வளவு சொற்கள் இருந்தும் சொல்லிக் கூப்பிட ஆள் இல்லாத வீடுகள் இங்கே உண்டு என்பதையும் மறைக்காமல் சொல். 1980 வாக்கில் தொடங்கி 2015 முடிய, நகரத்தில் பெரும்பாலான குடும்பங்களுக்கு ஒரு குழந்தைதான் என்று சட்டம் இருந்தது. அப்பாவும் ஒற்றைப் பிள்ளை, அம்மாவும் ஒற்றைப் பிள்ளை என்றால் அந்த வீட்டுக் குழந்தைக்குச் சொந்தச் சித்தப்பாவும் இல்லை, மாமாவும் இல்லை. முகமூடியைத் திருப்பித் தந்தாளே, அவள் வீட்டில் அப்படித்தான். குடும்ப மரத்தில் அவள் பக்கம் கிளையே இல்லாமல் நேராக மேலே போனது. அவளே கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, பக்கத்துக் கடைக்காரரை 'ஷூஷூ' என்று எழுதிச் சேர்த்துக்கொண்டாள். தெருவில் யாரையும் இங்கே முறை வைத்துத்தான் கூப்பிடுகிறார்கள், நம்மைப் போலவே.

"டீச்சர், அவங்க பாம்பு, வௌவால் எல்லாம் தின்பாங்களாமே" என்று ஒரு பையன் கேட்டதாக எழுதியிருந்தாய். அதட்டி உட்கார வைக்காமல் எனக்கு எழுதினாயே, அது நல்லது. கேட்டவனுக்குப் பதில் தர வேண்டும். குவாங்டோங் பக்கம் பாம்பு சூப் குடிக்கிற வழக்கம் உண்டு. நாட்டில் மிகப் பெரும்பாலானவர்கள் அதைத் தொட்டதே இல்லை. காட்டு விலங்குகளை உண்பதை 2020 பிப்ரவரியில் அரசாங்கமே தடை செய்துவிட்டது. அன்றாடம் தின்பது தெற்கே அரிசிச் சோறு, வடக்கே கோதுமையில் செய்த நூடுல்ஸ், பன், கொழுக்கட்டை. இந்த ஊரில் கடற்புழுவை வேகவைத்து உறையவைத்த ஒரு பண்டம் விற்கிறார்கள், நான் தின்றிருக்கிறேன். கடுகுச் சாந்து தொட்டுக்கொண்டால் நன்றாகவே இருக்கும். முதல் மழைக்கு ஈசல் பிடித்து, பொரியோடு வறுத்து நம் பாட்டிகள் தந்ததை அவனுக்குச் சொல். அவன் வீட்டிலேயே கேட்டுப் பார்க்கச் சொல். இங்கேயும் வழியில் பார்த்தால் பெரியவர்கள் கேட்கும் முதல் கேள்வி "சாப்பிட்டாச்சா"தான்.

உன் பிள்ளைகளுக்கு ஒரு விளையாட்டும் தருகிறேன். நிலாத் திருநாள் சமயத்தில், ஆவணி புரட்டாசி வாக்கில், ஷியாமென் முழுக்க வீட்டுக்கு வீடு 'போபிங்' ஆடுவார்கள். ஒரு பீங்கான் கிண்ணம், ஆறு தாயக்கட்டை. நாலு புள்ளிதான் ராசி, இங்கே அது சிவப்பாக இருக்கும். உன் கட்டைகளில் அந்த நாலு புள்ளிக்கு நீ சிவப்பு நெயில் பாலிஷ் பூசிக்கொள். ஒரு நாலு விழுந்தால் கடைசிப் பரிசு, இரண்டு நாலுக்கு அதற்கு மேல், மூன்று நாலுக்கு அதற்கும் மேல். நாலு நாலும் விழுந்தால் முதல் பரிசு. வேறு எண் நான்கு ஒன்றாக விழுந்தாலும், ஒன்று முதல் ஆறு வரை வரிசையாக விழுந்தாலும் இடையில் பரிசு உண்டு. முதல் பரிசு ஒன்று, அடுத்தது இரண்டு, பிறகு நாலு, எட்டு, பதினாறு, முப்பத்திரண்டு. மொத்தம் 63. பரிசுகளுக்குப் பழைய அரசுத் தேர்வில் வென்றவர்களின் பட்டங்கள்தான் பெயர். பதினேழாம் நூற்றாண்டில் தளபதி ஜெங் செங்கோங்கின் படைவீரர்கள் வீட்டு நினைவை மறக்க ஆடியது என்று ஊரில் சொல்வார்கள். அந்தக் காலத்தில் பரிசு நிலா கேக், இப்போது பற்பசை, சோப்பு, துணித்தூள்! கட்டை கிண்ணத்தில் கலகலவென்று உருளும் சத்தம் தெருவரைக்கும் கேட்கும். நீ பென்சிலும் சேவுப் பொட்டலமும் வை. இரட்டிப்புக் கணக்கு தானாக நடந்துவிடும்.

போன டிசம்பரில், முகமூடி எதுக்கு என்று கேட்ட அந்தப் பாட்டியையே வகுப்புக்கு அழைத்தேன். இரவு மிக நீளமான நாளில், நமக்கு மார்கழி பிறந்து ஒரு வாரம் போல இருக்கும், இங்கே அரிசி உருண்டை தின்பார்கள். தின்றால் வயது ஒன்று கூடிவிடும் என்பது பேச்சு. பாட்டி பேசியது இந்த ஊர்ப் பாஷை, பேத்தியைத் தவிர யாருக்கும் ஒரு சொல் புரியவில்லை. பிசைந்த ஒட்டரிசி மாவை ஈரத்துணியில் மூடிக் கொண்டுவந்திருந்தார். ஒரு உள்ளங்கையில் இரண்டு உருண்டையை ஒரே நேரத்தில் உருட்டினார், இரண்டும் முத்து மாதிரி வந்தன. ஜெர்மன் பையன் செய்தது கோணல்மாணலாக இருந்தது. அவர் அவன் கையைத் தன் கைக்குள் வைத்து, விரலை மடக்கிவிட்டு, மூன்று சுற்று சுற்றினார். அவ்வளவுதான், வந்துவிட்டது. என் அம்மா எனக்குக் கொழுக்கட்டை பிடிக்கச் சொல்லித் தந்ததும் அப்படித்தான். பேத்தி அன்றைக்கு முழுக்கப் பாட்டி சொல்வதை மொழிபெயர்த்துச் சொல்லிக்கொண்டே இருந்தாள். முதல் வருஷம் வாய் திறக்காத பெண் அவள்.

உன் பிள்ளைகள் வாயில் ஏற்கெனவே சீனா இருக்கிறது, அதையும் விட்டுவிடாதே. கடையில் சீனி கொடுங்க என்கிறோமே, அந்தச் சீனி. தீபாவளிக்குச் சீனவெடி. தேயிலையில் வரும் 'தே', இந்த ஷியாமென் பக்கத்துப் பேச்சில் அந்தச் செடிக்குள்ள பெயர், கடல் வழியாக ஊர் ஊராகப் போனது. சாயா என்பதும் சீனச் சொல்தான், வேறு வழியில் வந்தது. சாத்தூரில் பாதி வீட்டில் அம்மாக்கள் பட்டாசுக்குக் காகிதக் குழல் சுற்றுகிறார்கள். ஹுனானில் லியூயாங் என்ற ஊரிலும் தலைமுறை தலைமுறையாக இதே தொழில். அதைச் சொன்னால் ஏதாவது ஒரு பிள்ளை கட்டாயம், "அங்கேயும் விபத்து நடக்குமா டீச்சர்" என்று கேட்கும். நடக்கும். அதையும் சொல்.

இன்னொன்று, உனக்காக. ரயிலில் முக்கால் மணி நேரத்துக்குள் சுவான்சோ என்ற பழைய துறைமுகம். 1281-இல் அங்கே சிவன் கோயில் எழுப்பிய தமிழ் வணிகர்கள் பொறித்த கல்வெட்டு கிடைத்திருக்கிறது, தமிழ் வரிகளும் அடியில் சீன எழுத்துமாக. கைய்யுவான் என்ற புத்த கோயிலின் பின்பக்கத் தூண்களில் நரசிம்மரும் கண்ணனும் இருக்கிறார்கள். போன மாதம் பிள்ளைகளைக் கூட்டிப் போனேன். தூணில் கைவைத்துக்கொண்டு நின்றுவிட்டேன். "மிஸ், ஏன் அழறீங்க" என்று பிரேசில் பிள்ளை கேட்டாள்.

ஜூலை பத்தாம் தேதிக்கு மேல் ஊருக்கு வருகிறேன். கட்டம் போட்ட சீன எழுத்து நோட்டு இருபது, ஆறு தாயக்கட்டை, ஒரு கிண்ணம் கொண்டுவருகிறேன். அதற்குள் உன் பிள்ளைகளிடம் ஆளுக்கொரு கேள்வி எழுதி வாங்கி வை, இங்கே உள்ள பிள்ளைகளிடம் கேட்க. என் வகுப்பும் எழுதிக்கொண்டிருக்கிறது. முதல் கேள்வி வந்துவிட்டது: "உங்க ஊர்ல மதியம் தூங்க விடுவாங்களா?"

அப்பாவைக் கேட்டதாகச் சொல். சொட்டு மருந்தை நேரத்துக்கு ஊற்றச் சொல்.

உன்,
செல்வி