பீருக்கு மார்க் போடும்போது மூக்கையும் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில் கிராஃப்ட் பீர், அதாவது சின்ன அளவில் காய்ச்சுகிற பீர் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். இதைப் பற்றியெல்லாம் தமிழில் எழுத ஆள் வந்ததே சந்தோஷம். ஆனால் ஆறு பீருக்கு மார்க் போட்டிருக்கிறீர்கள், ‘சில்லென்று இருந்தது’, ‘நன்றாக ஏறியது’ என்பதைத் தாண்டி ஒன்றுமே இல்லை. வாசனையைப் பற்றி ஒரு வரி கூட இல்லையே!

எனக்குக் காசிமேடு. எங்கள் அம்மா வஞ்சிரம் வாங்கினால் செவுளைத் தூக்கி நிறம் பார்த்து, ஒருமுறை முகர்ந்து, அப்புறம்தான் விலையே கேட்பார். பீரையும் அப்படித்தான் பார்க்க வேண்டும் என்பது போன வருடம் நண்பர்களோடு பெங்களூரு போனபோதுதான் எனக்குப் புரிந்தது. கடையிலேயே காய்ச்சி ஊற்றுகிற இடம் அது, நாலு வகையைச் சின்னச் சின்ன கிளாஸில் வைத்தார்கள். கோதுமை பீரை வாய்க்கிட்டே கொண்டுபோனதும் கனிந்த வாழைப்பழ வாசனை, அதற்குப் பின்னாலேயே லேசாகக் கிராம்பு. பழமும் போடவில்லை, கிராம்பும் போடவில்லை, எல்லாம் ஈஸ்ட் செய்கிற வேலை என்று ஊற்றித் தந்த தம்பி சொன்னார். ஐஸ் மாதிரி குளிர்ந்திருந்தால் இது எதுவும் தெரிந்திருக்காது, நாக்கு மரத்துப் போகும், வாசனையும் மேலே எழும்பாது. ஸ்டவுட் என்கிற கருப்பு பீரை 10 முதல் 13 டிகிரியில் குடிக்கச் சொல்வது அதனால்தான். நான் என் ஸ்டவுட் கிளாஸை உள்ளங்கையில் பொத்திக்கொண்டு பத்து நிமிடம் சும்மா உட்கார்ந்திருந்தேன். முதல் வாயில் வெறும் கசப்பாக இருந்தது, அப்புறம் காபிக்கொட்டை வறுக்கிற கடை வாசலில் நிற்கிற மாதிரி ஆகிவிட்டது. வறுத்த பார்லி தருகிற மணம் அது.

அன்று சாயங்காலம் போன இன்னொரு இடத்தில் நேர்மாறு. கிளாஸைத் தூக்கினாலே தியேட்டர் பாப்கார்னில் வருகிற வெண்ணெய் வாடை. கேட்டால், அப்படித்தான் சார் இருக்கும் என்றார்கள். லாகர் என்கிற வழக்கமான மஞ்சள் பீர் அப்படி இருக்கக் கூடாது. அந்த வாடையைத் தருகிற டயாசிட்டைல் என்கிற பொருள் பீர் நொதிக்கும்போது தானாக வருவதுதான், இன்னும் சில நாள் விட்டிருந்தால் ஈஸ்டே அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். அவசரப்பட்டு இறக்கினாலோ குழாயைச் சரியாகக் கழுவாமல் விட்டாலோ இப்படி நாறும். உங்கள் கட்டுரை மாதிரி மார்க் போட்டால் இந்த பீரும் பாஸாகிவிடும், ஏனென்றால் சில்லென்றுதான் இருந்தது.

அமெரிக்காவில் 1985-இல் தொடங்கிய பிஜேசிபி என்ற அமைப்பு பீர் நடுவர்களுக்கு வைத்திருக்கிற கணக்கு 50 மார்க். சுவைக்கு 20, வாசனைக்கு 12, மொத்தத்தில் எப்படி என்பதற்கு 10, வாயில் எப்படி நிற்கிறது என்பதற்கு 5, பார்வைக்கு வெறும் 3. குளிர்ச்சிக்கோ போதைக்கோ தனியாக ஒரு மார்க்கும் கிடையாது. அடுத்த முறை எழுதுகிறவரை இந்தக் கணக்கிலேயே போடச் சொல்லுங்கள் சார், கூடவே எந்த வகை பீர், எத்தனை டிகிரியில் குடித்தார் என்பதையும் ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். கோதுமை பீரில் வாழைப்பழம் வந்ததா இல்லையா என்று தெரிந்துகொள்ளத்தான் என்னை மாதிரி ஆட்கள் அந்தப் பக்கத்தைத் திருப்புகிறோம்.

இப்படிக்கு,
வாசகர், காசிமேடு, சென்னை