எத்தனை லீற்றர் ஊற்றினீர்கள்? – திருகோணமலை வாகன சேர்விஸ் நிலைய முதலாளிமாருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய சேர்விஸ் நிலைய முதலாளிமாருக்கும் ஒயில் விற்கும் உதிரிப்பாகக் கடை முதலாளிமாருக்கும்,

வணக்கம்.

இந்த மடலை எழுதவைத்தது ஒரு பில். போன கிழமை நகருக்குள் ஒரு சேர்விஸ் நிலையத்தில் ஒரு வாகன் ஆர் காருக்கு ஒயில் மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். எந்த நிலையம் என்று சொல்லப் போவதில்லை. ஓரிடத்தில் மட்டும் நடப்பதென்றால் நேரில் போய்ப் பேசி முடித்திருப்போம். பில்லில் இருந்தது இவ்வளவுதான்: “என்ஜின் ஒயில் 1, பில்டர் 1, கூலி.”

ஒயில் 1 என்றால் என்ன? ஒரு லீற்றரா, ஒரு கானா? எந்த ஒயில்? டிக்கியைத் திறந்தால் நான்கு லீற்றர் கான் வெறுமையாகக் கிடக்கிறது. அந்தக் காரின் 660 சிசி என்ஜினுக்கு, பில்டருக்குள் போவதையும் சேர்த்தால்கூட, மூன்று லீற்றர் தேவைப்படாது. சமதரையில் நிறுத்தி, சூடு ஆறவிட்டு, ஒயில் பார்க்கும் கம்பியைத் துடைத்துப் போட்டு எடுத்தால், மேல் குறியைத் தாண்டி இரண்டு விரற்கடை உயரத்துக்கு ஒயில் ஏறி நிற்கிறது. கம்பியைப் பிடித்திருந்த பழைய துணியில் நீளமாக ஒரு பொன்னிறக் கோடு. நல்ல ஒயில்தான், புது ஒயில்தான். ஆனால் ஒரு லீற்றருக்கும் மேல் கூட.

எங்கள் வேண்டுகோளை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். ஒவ்வொரு காருக்கும் என்ன தடிப்புக் குறியுள்ள ஒயில், என்ன தரம், எத்தனை லீற்றர் ஊற்றினீர்கள் என்பதைத் தயவுசெய்து பில்லில் எழுதித் தாருங்கள். கையால் ஒரு வரி எழுதினாலே போதும்.

ஒயில் கூடினால் என்ன நடக்கும் என்பது உங்கள் மெக்கானிக் பாஸ்மாருக்குத் தெரியாததல்ல. தெரிந்தும் நடப்பதுதான் மனதை வருத்துகிறது. என்ஜினின் அடியில் ஒயில் தேங்கும் சம்பில் மட்டம் ஏறினால், பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்கின் பாரக்கட்டைகள் ஒயிலுக்குள் முங்கி அடிக்கும். நிமிடத்துக்கு இரண்டாயிரம், மூவாயிரம் சுற்றில் அடித்தால் ஒயில் நுரைக்காமல் என்ன செய்யும்? பம்ப் அந்த நுரையைத்தான் உறிஞ்சும். நுரைக்குள் இருப்பது காற்று. கிராங்கைத் தாங்கும் பெயரிங்குக்கும் கிராங்குக்கும் நடுவில் நின்று பாரம் தாங்கக் காற்றால் முடியாது. மிஞ்சிய ஒயில் ஆவியாகவும் துளியாகவும் என்ஜினுக்குள் சேரும் ஆவியை வெளியே விடும் பிறீதர் குழாய் வழியே, காற்று உள்ளே போகும் இன்ரேக் பக்கம் போய் எரிந்து, சைலன்சரில் நீலப் புகையாக வரும். அதுவே தொடர்ந்தால் புகையைச் சுத்தப்படுத்தும் கற்றலிற்றிக் கொன்வேற்றரும் கெட்டுப்போகும். உள்ளே அழுத்தம் கூடும்போது பழைய சீல்கள் கசியத் தொடங்கும். கிராங்கின் பின்பக்க சீல் ஒரு சின்ன ரப்பர் வளையம். அதை மாற்றுவதற்குக் கியர்பொக்ஸை இறக்க வேண்டும். அந்தக் கூலியைக் கொடுப்பது யார்?

குறைவாக ஊற்றுவதும் இதே அளவு கேடுதான். டொயோட்டாவின் 1என்இசட்-எஃப்ஈ என்ஜின் நம்மூரில் எத்தனையோ கொரோலா 121இலும் அக்ஸியோவிலும் ஓடுகிறது. அதற்குப் பில்டரும் மாற்றினால் 3.7 லீற்றர், பில்டர் மாற்றாவிட்டால் 3.4 லீற்றர். இந்த 0.3 லீற்றர் வித்தியாசம் பில்டருக்குள் தங்குவது. மூன்று லீற்றர் கான் விலை குறைவென்று அதோடு நிறுத்தினால் 700 மில்லிலீற்றர் குறைகிறது. நான்கு லீற்றர் கானைக் கவிழ்த்தால் 300 மில்லிலீற்றர் கூடுகிறது. இரண்டு கானில் எதுவும் அந்த என்ஜினின் அளவு இல்லை. கானின் அளவைத் தீர்மானித்தது ஒயில் கொம்பனி. என்ஜினின் அளவைத் தீர்மானித்தது கார் கொம்பனி. நீங்கள் பின்பற்ற வேண்டியது இரண்டாவதை. மீதி ஒயிலைக் கானோடு வாடிக்கையாளரிடமே கொடுங்கள். இடையில் மட்டம் குறைந்தால் விட்டுக்கொள்ள அதுவே உதவும்.

அடுத்தது தடிப்பு. “நம்மட ஊர் வெக்கைக்குத் தண்ணி ஒயில் நிக்காது, தடிப்பா அடிங்க” என்று சொல்லி, 0டபிள்யூ-20 என்ற மெல்லிய ஒயில் கேட்கும் அக்குவா, பிரியஸ் ஹைபிரிட் கார்களுக்கும் 20டபிள்யூ-50 என்ற தடிப்பு ஒயிலை ஊற்றுகிறீர்கள். கச்சான் காற்று வீசும் மாதங்களில் இங்கே வெயில் கொடியதுதான். ஆனால் என்ஜினுக்குள் ஒயில் பார்க்கும் சூட்டை அந்த வெயில் தீர்மானிப்பதில்லை. தேர்மோஸ்ற்றற்றும் ரேடியேற்றரும் என்ஜினைக் குளிர்விக்கும் தண்ணீரின் சூட்டை 90 பாகையை அண்டி வைத்திருக்கின்றன. வெளியே 28 பாகையோ 36 பாகையோ, கூலிங் ஒழுங்காக வேலை செய்தால் உள்ளே பெரிய மாற்றம் இல்லை. கூலிங் பிழையென்றால் அதைத் திருத்த வேண்டும். தடிப்பான ஒயில் அதற்கு மருந்தல்ல.

குறியில் டபிள்யூவுக்கு முன்னால் வரும் எண் குளிரில் ஒயில் எப்படி ஓடும் என்பதைச் சொல்கிறது, பின்னால் வரும் எண் 100 பாகையில் எவ்வளவு தடிப்பு என்பதை. குளிர் நாட்டு எண் நமக்கு எதற்கு என்று கேட்பவர்கள் ஒன்றை யோசிக்க வேண்டும். விடியப்புறம் ஸ்ரார்ட் பண்ணும்போது நம்மூரிலும் ஒயில் 27, 28 பாகையில்தான் இருக்கும். 40 பாகையில் அளந்தாலே 20டபிள்யூ-50 ஒயில், 0டபிள்யூ-20 ஒயிலைவிட மூன்று நான்கு மடங்கு தடிப்பு. அந்த முதல் சில விநாடிகளில் மேலே வால்வுகளைத் திறக்கும் கம்சாஃப்ற்றுக்கு ஒயில் ஏறப் பிந்துகிறது. ஹைபிரிட் காரிலோ என்ஜின் ஓட்டத்துக்கு நடுவிலும் நின்று நின்று கிளம்பும். சின்னத் துவாரங்கள் வழியே ஒயில் அழுத்தத்தால் இயங்கி வால்வு திறக்கும் நேரத்தை மாற்றும் விவிரி-ஐ பாகமும் தடிப்பு ஒயிலில் மந்தமாகும். பெற்றோல் செலவு கூடுவது தனி.

எல்லாக் காருக்கும் தண்ணி ஒயில்தான் என்று நாங்கள் சொல்ல வரவில்லை. பழைய கார்கள் பலவற்றோடு கொம்பனி கொடுத்த கைந்நூலிலேயே ஊரின் வெப்பநிலைக்கு ஏற்ற அட்டவணை இருக்கிறது. அதில் 10டபிள்யூ-30, 15டபிள்யூ-40 இருந்தால் தாராளமாக ஊற்றலாம். பிஸ்டன் றிங் தேய்ந்து ஒயில் குடிக்கும் என்ஜினுக்கு அந்த அட்டவணைக்குள் ஒரு படி தடிப்பாகப் போவதிலும் தவறில்லை. தீர்மானிக்க வேண்டியது கைந்நூல். கடைத் தட்டில் மிஞ்சியிருக்கும் கான் அல்ல. ஜப்பான் கைந்நூலை வாசிக்க முடியாது என்பதும் காரணமாகாது. 0டபிள்யூ-20 என்ற குறியும் 3.4, 3.7 என்ற இலக்கங்களும் ஜப்பான் எழுத்துக்களுக்கு நடுவிலும் கண்ணில் படும். சில கார்களில் ஒயில் மூடியின் மேலேயே குறி பொறித்திருக்கும்.

தரத்தையும் பாருங்கள். பெற்றோல் காருக்குக் கானில் உள்ள ஏபிஐ (அமெரிக்கப் பெற்றோலிய நிறுவனம்) தரக்குறி வளையத்துக்குள் எஸ் எழுத்தில் தொடங்கும் தரம் வேண்டும்: 2010இல் வந்தது எஸ்என், 2020இல் வந்தது எஸ்பி. லொறிக்கென்று பீப்பாயில் வாங்கிய டீசல் ஒயிலையும், ஜாசோ எம்ஏ என்று போட்ட மோட்டார் சைக்கிள் ஒயிலையும் குடும்பக் காருக்கு ஊற்றாதீர்கள். மோட்டார் சைக்கிளில் கிளச்சும் அதே ஒயிலுக்குள் கிடக்கிறது. அது வழுக்காமல் இருக்கச் செய்த ஒயில் அது. கார் என்ஜினின் தேவை வேறு.

ஊற்றும் முறையைப் பற்றி உங்களுக்கு நாங்கள் பாடம் எடுக்கத் தேவையில்லை. அவசரத்தில் விடுபடுவதை மட்டும் நினைவூட்டுகிறோம். என்ஜின் இளஞ்சூட்டில் இருக்கும்போது வடியவிட்டு, சொட்டு நிற்கப் பத்து நிமிடமாவது கொடுங்கள். சம்ப் நட்டின் வாசரைப் புதிதாகப் போடுங்கள். புதுப் பில்டரின் ரப்பரில் ஒயில் பூசிக் கையால் இறுக்குங்கள். கழற்றும்போது பழைய ரப்பர் வளையம் என்ஜினோடு ஒட்டி நின்றுவிட்டதா என்று விரலால் தடவிப் பாருங்கள். அதன் மேலேயே புதியதை ஏற்றினால் ஓடும்போது ஒயில் முழுவதும் பீறிட்டுப் போய்விடும். கைந்நூல் சொல்லும் அளவுக்கு அரை லீற்றர் குறைய ஊற்றி, ஒரு நிமிடம் என்ஜினை ஓடவிட்டு நிறுத்தி, ஐந்து நிமிடம் கழித்துக் கம்பியைப் பாருங்கள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். கார் சரிவான ராம்பில் நிற்கும்போது பார்க்கும் மட்டம் பொய். இறக்கிச் சமதரையில் வைத்து, காரின் சொந்தக்காரரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். கூடிவிட்டால் கம்பிக் குழாய்க்குள் மெல்லிய ரியூப் விட்டு சிறிஞ்சியால் உறிஞ்சி எடுக்கக் கால் மணிநேரம் போதும்.

இவ்வளவு வற்புறுத்துவது ஏன் என்றும் சொல்ல வேண்டும். இங்கே ஒரு குடும்பக் கார் சும்மா சுற்றுவதற்காக இருப்பதல்ல. கிளினிக் திகதி கண்டியிலோ கொழும்பிலோ கிடைத்தால், விடிய மூன்று மணிக்கு அம்மாவைப் பின் சீற்றில் படுக்க வைத்துக்கொண்டு புறப்படும் வண்டி அது. கந்தளாய் தாண்டி ஹபரணை வரை பெரும்பாலும் காடு, யானை கடக்கும் றோட்டு. அந்த இருட்டில் சிவப்பு ஒயில் விளக்கு எரிந்தால் அந்தக் குடும்பம் யாரைக் கூப்பிடும்? அந்த விளக்கு மட்டத்தைக் காட்டுவதல்ல, அழுத்தத்தைக் காட்டுவது. அது எரியும்போது பெரும்பாலும் பெயரிங் கெடத் தொடங்கியிருக்கும். 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் தனியார் கார்களுக்குத் திறந்தது. இன்றைய விலையில் இன்னொரு கார் எங்களில் பலருக்கு எட்டாத தூரம். இருக்கிற என்ஜினைத்தான் காப்பாற்ற வேண்டும்.

சொல்ல வந்த இடத்தில் இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியவில்லை. வடித்த கறுப்பு ஒயிலை வாய்க்காலில் விடுகிறீர்களே, அது போய்ச் சேருவது எங்கே? மாரி மழையில் அது நம் குடாவுக்குத்தான் போகிறது. நாம் மீன் பிடித்துத் தின்னும் கடல் அது. வெறுங்கான்களை மொத்தமாக விற்பதையும் நிறுத்துங்கள். அந்தக் கானுக்குள் எதை நிரப்பித் திரும்பவும் விற்கிறார்கள் என்பது உங்களுக்கும் தெரியும். வாடிக்கையாளர் முன்னாலேயே கானில் ஓட்டை போட்டுவிடுங்கள். ஒயில் கலக்கும் ஆலையைச் சீனக்குடாவில் வைத்திருக்கிற ஊரில், என்ன ஒயில் ஊற்றினார்கள் என்றே தெரியாமல் கார் ஓட்டுகிறோம் என்பது எங்களுக்கு மிகுந்த வேதனை.

கோபத்தில் சொல் கூடியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பகல் முழுக்க வெயிலில் ராம்புக்குக் கீழே குனிந்து நிற்கும் தம்பிமாரின் பாடு எங்களுக்குத் தெரியும். அவர்கள் மீது எங்களுக்கு எந்தக் குறையும் இல்லை. அளவுச் சாடி வாங்கிக் கொடுக்க வேண்டியதும், கார் வகைக்கு ஏற்ற அளவை எழுதிச் சுவரில் ஒட்ட வேண்டியதும் முதலாளிமாரான நீங்கள்.

2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின்படி, வாங்குபவர் கேட்டால் அளவும் விலையும் குறித்த பற்றுச்சீட்டு கொடுக்க வேண்டியது விற்பவரின் கடமை. சட்டத்தைக் காட்டி உங்களிடம் கேட்கும் நிலை வரக்கூடாது என்றுதான் முதலில் மடல் எழுதுகிறோம். பில்லில் இப்படி ஒரு வரி போதும்: “0டபிள்யூ-20, ஏபிஐ எஸ்பி, 3.7 லீற்றர், மீதி 300 மில்லி கையளிக்கப்பட்டது.” காரின் அப்போதைய கிலோமீற்றரையும் பக்கத்தில் குறித்துவிடுங்கள். வரும் திங்கட்கிழமை உங்கள் ராம்பில் ஏறும் முதல் காரிலிருந்து இதைத் தொடங்கும்படி தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
திருகோணமலையில் குடும்பக் கார் வைத்திருப்போரும் கராஜ் வேலை தெரிந்தோரும்