37 போதுமா, 700 வேண்டுமா?

காங்கயம்

அன்புள்ள அம்மிணிக்கு,

அப்பன்வழி வம்சம் பார்க்கும் ஒய் டிஎன்ஏ சோதனையில் எனக்கு 37 வாங்கட்டுமா, 111 வாங்கட்டுமா, ஒரேயடியாகப் பிக் ஒய்-700 வாங்கிவிடட்டுமா என்று கேட்டிருந்தாய். "எதுவானாலும் சரி கண்ணு" என்று வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் காசு உன்னுடையது, எச்சில் என்னுடையது, அப்புறம் வரும் வம்பு பங்காளிகள் அத்தனை பேருக்கும் பொது. அதனால் விலாவாரியாகவே எழுதுகிறேன்.

"அவளே எச்சில் கொடுத்தால் ஆகாதா?" என்று உன் அம்மா கேட்டாள். ஆகாது. ஒய் குரோமோசோம் அப்பனிடமிருந்து மகனுக்கு மட்டும் போவது. நமக்கு நீ ஒருத்திதான். என்னிடம் இருக்கும் ஒய் என்னோடு சரி. சித்தப்பா பையனிடம் இருக்கிறது, அந்த வழியில் போய்க்கொள்ளட்டும். ஆண் வாரிசு இல்லையே என்று இழுப்பவர்களுக்கு நான் சொல்லும் பதில் உனக்குத் தெரியும். இப்போது கையில் ஒரு கணக்கும் கிடைத்திருக்கிறது: ஓர் ஆணின் மொத்த டிஎன்ஏவில் ஒய் என்பது நூற்றுக்கு 2 பங்குகூட இல்லை. மீதியில் பாதி டொரொண்டோவில் உன்னிடம் பத்திரமாக இருக்கிறது.

இனி எண்களுக்கு வருகிறேன். டிஎன்ஏவை எழுத்து வரிசையாகத்தான் படிப்பார்கள். ஒய்யில் சில இடங்களில் ஒரே சிறு எழுத்துக்கோவை திரும்பத் திரும்ப வரும். ஒருவருக்கு 13 தடவை, இன்னொருவருக்கு 14. அப்படி 37 இடங்களில் எண்ணிச் சொன்னால் 37, 111 இடங்களில் எண்ணினால் 111. இரண்டு ஆண்களின் பட்டியலை அருகருகே வைத்து எத்தனை வேறுபாடு என்று பார்ப்பதுதான் சோதனை. நீ சொன்ன ஃபேமிலி ட்ரீ டிஎன்ஏ கம்பெனியில் 37க்கு நான்கு வேறுபாடு வரை, 111க்குப் பத்து வரை இருந்தால் பொருத்தம் என்று பட்டியலில் காட்டுவார்கள். இதில் ஒரு சங்கடம் உண்டு. தலைமுறை போகப் போக, கூடிய எண் பிறகு குறையும், குறைந்தது கூடும். ஒட்டும் உறவும் இல்லாத இரண்டு வம்சங்கள் தற்செயலாக ஒரே எண்களில் வந்து நிற்கவும் செய்யும்.

பிக் ஒய் வேறு ரகம். 700 என்றதும் 111ஐப் போல ஆறு மடங்கு என்று நினைத்துக்கொள்ளாதே, அந்த 700 எண்கள் கூட வரும் கொசுறு. அசல் சரக்கு, ஒய்யின் எழுத்துகளில் ஏறக்குறைய ஒன்றரைக் கோடியை வரிசையாக வாசிப்பது. (முழு ஒய் 6 கோடியே 24 லட்சம் எழுத்து. ஒன்றுவிடாமல் படித்து வெளியிட்டதே 2023 ஆகஸ்டில்தான்.) அந்த வரிசையில் ஓரெழுத்து மாறியிருந்தால், அது அநேகமாக ஒரே ஆளிடம் ஒரே தடவை நடந்தது. அவர் வழி வந்த ஆண்கள் எல்லாரிடமும் அது இருக்கும். சராசரியாக எண்பது சொச்சம் ஆண்டுக்கு ஒரு மாற்றம் என்கிறார்கள், அதாவது மூன்று தலைமுறைக்கு ஒன்று.

இப்படிப் பிரியும் ஆண்வழிக் கிளைகளுக்கு மரபியலாளர்கள் வைத்திருக்கும் பெயரைப் பார்த்தபோது சர்வே ஆபீசுக்குத் திரும்பிப் போன மாதிரி இருந்தது எனக்கு. பெருங்கிளைக்கு ஓர் ஆங்கில எழுத்து, உள்ளே பிரியப் பிரிய எண்ணும் எழுத்தும்: எல், எல்1, எல்1ஏ, எல்1ஏ1. நம் தோட்டம் முதலில் வெறும் 214; அப்பாரு காலத்துப் பாகப்பிரிவினையில் 214/2 ஆச்சு; இப்போது பட்டாவில் 214/2ஏ1. 37 எடுத்தால் 214 வரைக்கும்தான், அதுவும் உத்தேசமாகத்தான் சொல்வார்கள். பிக் ஒய் உட்பிரிவு வரை இறங்கும். ஆனால் ஒரு நிபந்தனை. நான் ஒருத்தன் மட்டும் போய் நின்றால் அங்கே புதிய உட்பிரிவு விழாது. என் எழுத்து மாற்றங்கள் என் பெயரிலேயே தனியாகக் கிடக்கும். அதே மாற்றத்தோடு இன்னோர் ஆண் வந்து சேர்ந்தால்தான் கிளை என்று ஒப்புக்கொண்டு பெயர் வைப்பார்கள், எந்தக் காலத்தில் பிரிந்தது என்றும் கணிப்பார்கள்.

வெள்ளைக்காரருக்கு இந்தக் கவலை குறைவு. குடும்பப் பெயரும் ஒய்யும் அவர்களுக்கு ஒரே வழியில் வருகின்றன. பிரையன் சைக்ஸ் என்ற ஆக்ஸ்ஃபோர்டு மரபியலாளர் தன் குடும்பப் பெயரே கொண்ட 48 ஆண்களைச் சோதித்து 2000இல் கட்டுரை வெளியிட்டார். பார்த்தது நான்கே நான்கு இடம். அதிலேயே பாதிக்குச் சற்றுக் குறைவானவர்களுக்கு ஒரே எண்கள். நமக்கு இருப்பது இனிஷியல், அது ஒரு தலைமுறைக்கு மேல் தாங்காது. அப்பன் வழியாக வருவது கூட்டப் பெயர், அதாவது குலப் பெயர். எந்த ரேஷன் கார்டிலும் அது கிடையாது. போதாக்குறைக்கு நம் பக்கத்தில் இந்தச் சோதனை எடுத்த ஆண்களே சொற்பம். 111 எடுத்துப் பொருத்தப் பட்டியலைத் திறந்தால் பெரும்பாலும் காலியாகத்தான் இருக்கும். 37க்கும் அதே காலி, 700க்கும் அதே காலி. முகம் தெரியாத சொந்தக்காரர்கள் வந்து குவிவார்கள் என்று எண்ணி நீ செலவு செய்ய வேண்டாம்.

உன் மனசில் இருக்கும் கேள்வி எனக்குத் தெரியும். மேட்டு வளவில் இருக்கும் நம் பங்காளிகள். நம் பூட்டன் இந்தக் கூட்டத்தில் பிறந்தவரல்ல, பிள்ளையில்லாத வீட்டுக்கு மச்சினன் வீட்டிலிருந்து தத்து வந்தவர் என்பது அவர்கள் கட்சி. கோயிலில் முதல் மரியாதைத் தகராறு வரும்போதெல்லாம் இதை எடுத்து விடுவார்கள். பெரியப்பா அந்தப் பேச்சு ஆரம்பிக்கும்போதே துண்டை உதறிக்கொண்டு எழுந்துவிடுவார்.

இந்தக் கேள்விக்கு 37 தாராளம். "இல்லை" என்று சொல்வதற்குக் குறைந்த எண்களே போதும். "ஆமாம்" என்று சொல்லி, எந்தக் கிளையில், எத்தனை தலைமுறைக்கு முன்னால் என்று காட்டத்தான் ஆழம் வேண்டும். நானும் மேட்டு வளவு ஆண் ஒருவரும் 37 எடுக்கிறோம் என்று வை. எனக்கு எல், அவருக்கு ஹெச் என்று வந்தால் அதோடு முடிந்தது. இந்த இரண்டு வம்சமும் பிரிந்து பல்லாயிரம் ஆண்டு ஆகிவிட்டது. இருவருக்கும் ஒரே எழுத்து வந்து, எண்களில் பாதி ஒட்டாமல் போனாலும் அதே முடிவுதான். எண்கள் நெருங்கி வந்தால் அப்போது இரண்டு பேருக்கும் பிக் ஒய்க்கு உயர்த்து. மாதிரியை அவர்களே பாதுகாத்து வைத்திருப்பதால், பெரும்பாலும் திரும்பக் கன்னத்துக்குள் குச்சி தேய்த்து அனுப்ப வேண்டியிருக்காது. 111 எதற்கு என்றால், ஒரே பெயரில் நூற்றுக்கணக்கானவர்கள் சோதித்து, அவர்களுக்குள் யார் இன்னும் நெருக்கம் என்று பார்ப்பவர்களுக்கு. நமக்கு அது இரண்டுங்கெட்டான் செலவு.

இன்னொன்றையும் யோசித்துவிடு. பூட்டன் மச்சினன் வீட்டிலிருந்து வராமல் பங்காளி வீட்டிலிருந்தே தத்து வந்திருந்தால் எண்கள் பொருந்தத்தான் செய்யும். அண்ணன் மகனைத் தம்பி எடுத்து வளர்த்திருந்தால் 700 கூட அதைப் பிரித்துக் காட்டாது. பொருந்தாமல் போனாலும் வழி எந்தப் பக்கம் அறுந்தது என்று இரண்டு பேரை வைத்துச் சொல்ல முடியாது. தத்து நம் பக்கம் இருக்கலாம். ஊருக்குத் தெரியாத ஏதோ ஒன்று அவர்கள் பக்கமும் இருக்கலாம். அதைத் தீர்க்க மூன்றாவது வளவிலிருந்து ஓர் ஆண் வேண்டும்.

இங்கிலாந்து ராஜா மூன்றாம் ரிச்சர்டின் எலும்பை 2012இல் லெஸ்டர் நகரத்தில் ஒரு கார் நிறுத்துமிடத்துக்கு அடியிலிருந்து எடுத்தார்கள். 1485இல் போர்க்களத்தில் செத்தவர். ஏட்டின்படி அவருக்கு அப்பன்வழிப் பங்காளிகள், இன்று உயிரோடிருக்கும் ஐந்து பேர். ஐவரும் 18ஆம் நூற்றாண்டு பியூஃபர்ட் பிரபு ஒருவரின் வழிவந்தவர்கள். ஒருவருடைய ஒய்யும் ரிச்சர்டோடு பொருந்தவில்லை. ஐவரில் நால்வர் தங்களுக்குள் ஒத்துப்போனார்கள், ஐந்தாமவர் அவர்களோடும் ஒட்டவில்லை. ஆக, குறைந்தது இரண்டு இடத்தில் அறுந்திருக்கிறது. எலும்பு ராஜாவுடையதுதான் என்று உறுதி செய்ய உதவியது அவருடைய அக்காவின் பெண்வழியில் வந்த டிஎன்ஏ. வம்சாவளி எழுத ஆள் வைத்திருந்த குடும்பத்துக்கே இந்தக் கதி. வாய்மொழியாக மட்டும் கேட்டு வளர்ந்த நமக்கு என்ன வந்தாலும் ஆச்சரியப்பட மாட்டேன். பெரியப்பா ஆச்சரியப்படுவார். அதனால் அவர் காதுக்கு எது, எப்போது போக வேண்டும் என்பதை என்னிடம் விட்டுவிடு.

எந்தக் கிளை எழுத்து வந்தாலும் பங்காளிகள் வாட்ஸ்அப் குழுவில் போடாதே. ஹெச், எல், ஆர்1ஏ, ஆர்2, ஜே2 எல்லாம் தமிழ்நாட்டில் பல சமூகங்களிலும் கலந்து கிடப்பவை. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் பிச்சப்பன் குழுவினர் தமிழ்நாட்டில் பழங்குடியினரையும் மற்றவர்களையும் சேர்த்து 31 சமூகங்களிலிருந்து 1,680 ஆண்களின் ஒய்யைப் பார்த்து 2012இல் எழுதினார்கள்: குழுக்களுக்கிடையே தெரியும் வேறுபாடு சாதி முறைக்கு முந்தியது, உழவு பரவியதோடு சம்பந்தப்பட்டது என்று. நம் ஆட்கள் அதையெல்லாம் படிக்க மாட்டார்கள். எழுத்தைப் பிடித்துக்கொண்டு யார் உசத்தி என்று ஆரம்பித்துவிடுவார்கள்.

சித்தப்பாவிடம் நானே பேசிவிட்டேன். எனக்கு வரும் சோதனை முடிவு அவனுக்கும் அவன் பையனுக்கும் சேர்த்துத்தான், கேட்காமல் செய்வது முறையல்ல. "எனக்கு அது வேண்டியதில்லை, நீங்கள் பாருங்கள்" என்றான். மேட்டு வளவில் சிங்கப்பூரில் இருக்கும் அந்தத் தம்பியிடம் நீதான் கேட்க வேண்டும். வரலாற்றில் ஆர்வமுள்ள பையன், சண்டைக்காரன் அல்ல. பொருந்தாமலும் போகலாம், மனசு தயாரா என்று முதலிலேயே கேட்டுவிடு. எது வந்தாலும் அவன் உனக்கு அண்ணன் முறைதான், ஒரு குச்சிக்காக முறையை மாற்ற முடியாது என்று நான் சொன்னதாகவும் சொல்.

அவன் சரி என்றால் 37 இரண்டு வாங்கு. தந்தையர் தினத்தை ஒட்டித் தள்ளுபடி போடுவார்கள், அவசரமில்லாவிட்டால் அதுவரை பொறு. கணக்கில் எனக்குப் பிறகு யார் பார்த்துக்கொள்வது என்று எழுத ஓர் இடம் உண்டாம், உன் பெயரைப் போடு. எண்கள் வந்ததும் இறக்கி உன் கணினியில் ஒரு பிரதி வைத்துக்கொள். கம்பெனிகள் நிலையில்லை, 23அண்ட்மீ என்ற டிஎன்ஏ சோதனைக் கம்பெனி அத்தனை பெரிதாக இருந்தும் 2025 மார்ச்சில் திவால் மனுப் போட்டது. கன்னத்துக்குள் குச்சியைத் தேய்க்கும் முன் வாயில் ஒன்றும் போடக் கூடாதாம். வெற்றிலையை அன்றைக்குக் காலையில் நிறுத்திவிடுகிறேன், உன் அம்மாவுக்கு அதுவே பெரிய சந்தோஷம்.

அவன் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் எதுவும் வாங்காதே. என் ஒருத்தனுக்கு மட்டும் 700 எடுப்பதைவிட அந்தக் காசில் டிசம்பரில் ஊருக்கு வந்துவிட்டுப் போ.

அன்புடன்
அப்பா