கறிவேப்பிலைப் புழுவுக்கு மருந்து எதற்கு?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழின் வீட்டுத் தோட்டம் கேள்வி-பதில் பகுதியில், தொட்டிக் கறிவேப்பிலையில் பறவை எச்சம் மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும் புழுவை என்ன செய்வது என்று ஒருவர் கேட்டிருந்தார். பதிலில் ஒரு பூச்சிமருந்தின் பெயர், லிட்டருக்கு எவ்வளவு, மறுபடி எப்போது அடிப்பது என்று எல்லாம் இருந்தது. அது என்ன புழு என்பது மட்டும் இல்லை.

அது வண்ணத்துப்பூச்சியின் புழு. எலுமிச்சை அழகி, கறிவேப்பிலை அழகி இரண்டில் ஒன்றாக இருக்கும். எலுமிச்சை, நாரத்தை, கறிவேப்பிலை எல்லாம் ஒரே குடும்பத்துச் செடிகள் என்பதால் இரண்டுமே இவற்றில் முட்டையிடும். முட்டையிலிருந்து வந்த புதிதில் புழு பழுப்பும் வெள்ளையுமாக, ஈரம் காயாத எச்சம் போலவே இருக்கும். பறவை ஏமாறத்தான் அந்த வேஷம். நாம் ஏன் ஏமாற வேண்டும்? நான்கு முறை தோல் உரித்த பிறகு பச்சையாகிவிடும். அப்போது விரலால் லேசாகத் தொட்டுப் பாருங்கள். தலைக்குப் பின்னாலிருந்து கவட்டை மாதிரி ஒரு செந்நிறக் கொம்பு வெளியே வரும், கூடவே எலுமிச்சை புளித்தது போல ஒரு நெடி. இந்தக் கொம்பைப் பார்த்துவிட்டால் சந்தேகமே வேண்டாம், அழகி வகைதான். அது கடிக்காது, கையும் அரிக்காது.

செடி மொட்டையாகிவிடுமே என்று கேட்பார்கள். இலை குறையத்தான் செய்யும், அதுவும் கடைசி சில நாட்களில்தான் புழு அசுரத்தனமாகத் தின்னும். ஆனால் வேர் பிடித்த கறிவேப்பிலை மறுபடி தளிர்விட்டுவிடும். மருந்தடித்த இலையையோ நாம் தாளிப்பில் கிள்ளிப் போடுகிறோம். அடித்து எத்தனை நாள் கழித்துப் பறிக்கலாம் என்பதையாவது சொல்லியிருக்கலாம், அதையும் சொல்லவில்லை.

எலுமிச்சை நாற்று போட்டிருப்பவர் கதை வேறு. சின்ன நாற்றுகளை இந்தப் புழு மொட்டையடித்தால் அவருக்கு உண்மையான நஷ்டம். அங்கும் கையால் பொறுக்கி எடுப்பது என்று ஒரு வழி வேளாண் பரிந்துரைகளிலேயே இருக்கிறது. மாடியில் நாலு தொட்டி வைத்திருப்பவர் எடுத்த எடுப்பில் தெளிப்பானைத் தூக்குவதைத்தான் குறை சொல்கிறேன். எல்லாப் புழுவையும் கொஞ்சச் சொல்லவில்லை. முருங்கை மரத்தடியில் கூட்டமாக அடை அடையாக ஒட்டியிருக்கும் கம்பளிப்பூச்சிக்காக நான் பரிந்து பேச மாட்டேன். குழந்தைகள் இருக்கும் வீட்டில் அதை உடனே அப்புறப்படுத்த வேண்டும்.

கேள்வி கேட்டவர் விரும்பினால் அந்தப் புழுவை வளர்த்தே பார்க்கலாம். வாய் அகன்ற டப்பா, மேலே கொசுவலைத் துணி, உள்ளே சாய்த்து வைத்த ஒரு குச்சி. மூடி போட்டு இறுக்கினால் வேர்த்துப்போய்ப் பூஞ்சை பிடிக்கும். தினமும் புழுக்கையைத் தட்டிவிட்டுப் புது இலை வைக்க வேண்டும். வீட்டுச் செடியின் இலையாகவே இருக்கட்டும். கடையில் வாங்கியதில் மருந்து ஒட்டியிருந்தால் புழு சுருண்டுவிடும். முட்டையிலிருந்து பூச்சியாகப் பறக்க ஏறக்குறைய ஒரு மாதம். கூட்டுப்புழு ஆகப்போகும் முன் புழு தின்பதை நிறுத்திவிட்டு, நீர்த்த கழிவாகப் போய், இடம் தேடி அலையும். நோய் வந்துவிட்டது என்று நினைத்து அப்போது தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பிறகு குச்சியில் ஏறி, வால்நுனியை ஒட்டிக்கொண்டு, இடுப்பைச் சுற்றி ஒரு பட்டிழையைக் கட்டிச் சாய்ந்து நிற்கும். சில கூடுகளிலிருந்து வண்ணத்துப்பூச்சிக்குப் பதில் பொடிப்பொடியாகக் குளவிகள் வரும். அவை ஒட்டுண்ணிக் குளவிகள். மருந்தில்லாமலே புழு பெருகாமல் பார்த்துக்கொள்வது அவைதான். மருந்தடித்தால் முதலில் சாவதும் அவையாக இருக்கலாம்.

நந்தியாவட்டையில் பெரிய பச்சைப் புழு, முன்பக்கம் நீலக் கண் மாதிரி இரண்டு வட்டம், வால் பக்கம் ஒரு கொம்பு என்று இருந்தால் அது அந்துப்பூச்சி வகை. அதற்குக் குச்சி உதவாது. டப்பாவின் அடியில் மண்ணும் சருகும் போட்டு வைத்தால் அதற்குள் போய்க் கூட்டுப்புழு ஆகும்.

வெளியே வந்த பூச்சியை அடையாளம் காண்பதுதான் சுவாரசியம். கறுப்பில் மஞ்சள் திட்டுகள், பின்சிறகில் வால் இல்லை என்றால் எலுமிச்சை அழகி. வால் இருந்து, கறுப்புப் பின்சிறகின் குறுக்கே வெள்ளைப் புள்ளிகள் வரிசையாக இருந்தால் கறிவேப்பிலை அழகியின் ஆண். பெண்தான் திண்டாட வைக்கும். சில பெண்கள் ஆண் மாதிரியே இருக்கும். சில, ரோஜா அழகி, சிவப்புடல் அழகி ஆகியவற்றின் சாயலில் சிவப்பும் வெள்ளையுமாக வரும். அந்த இரண்டும் ஈஸ்வரமூலி, ஆடுதீண்டாப்பாளை போன்ற கொடிகளைத் தின்று உடம்பில் நஞ்சு ஏற்றிக்கொண்டவை, பறவைகள் சீண்டாது. நஞ்சில்லாத கறிவேப்பிலை அழகி அந்தச் சாயலிலேயே பிழைத்துக்கொள்கிறது. சிறகைப் பார்த்தால் குழம்பிப்போவீர்கள், உடம்பைப் பாருங்கள். உடம்பு சிவப்பு என்றால் அசல். கறுப்பு என்றால் கறிவேப்பிலை அழகி.

2019இல் தமிழ் மறவனை மாநில வண்ணத்துப்பூச்சியாக அறிவித்தார்கள், சந்தோஷம். அது மலைக்காட்டுப் பூச்சி, மாடித் தோட்டத்துக்கு வராது. வருகிற பூச்சிக்கோ நாம் மருந்தடிக்கிறோம். எருக்கைப் பிடுங்கிவிட்டுக் குரோட்டன்ஸ் வைக்கிறோம், அப்புறம் எருக்கிலையைத் தின்று வளரும் வெந்தய வரியன் வண்ணத்துப்பூச்சியைக் காணோம் என்கிறோம். பூ தேன் கொடுக்கும், சரி, புழு தின்ன இலை வேண்டாமா?

தோட்டப் பகுதியை எழுதுபவரிடம் ஒரு வேண்டுகோள். புழு பற்றிய கேள்விக்கு மருந்தின் பெயரைச் சொல்லும் முன் புழுவின் படத்தைக் கேட்டு வாங்குங்கள். முடிந்தால் வாரம் ஒரு புழு, அது தின்னும் செடி, அது என்னவாக மாறும் என்று படத்தோடு போடுங்கள். கறிவேப்பிலையிலிருந்தே தொடங்கலாம். எல்லார் வீட்டிலும் இருக்கிறது.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
திருச்சி